தோவாளைப் பக்கத்துக் கிழங்கு நர்சரி: செடி வாங்க அல்ல, நோய் காட்டப் போகலாம்

குமரி மாவட்டத்துத் தோவாளையிலிருந்து ஆரல்வாய்மொழி செல்லும் வழியில், பிரதான சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, கிழங்கில் வளரும் பூச்செடிகளை மட்டுமே விற்கும் சிறிய நர்சரி ஒன்று இருக்கிறது. சம்பங்கி, மழை லில்லி, அமரில்லிஸ், சிலந்தி லில்லி, மே மாதத்தில் சிவப்புப் பந்தாகப் பூக்கும் ஃபுட்பால் லில்லி, கிளாடியோலஸ், சியாம் துலிப் ஆகியவை அங்கே கிடைக்கும்; ரோஜாவோ குரோட்டன்ஸோ கேட்டால் வேறு நர்சரிக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார்கள். விற்பனையோடு, அழுகிய அல்லது வாடிய கிழங்கைக் கொண்டுவந்து காட்டுவோருக்கு என்ன நோய் என்று பார்த்துச் சொல்லும் வேலையையும் கடைக்காரர் செய்கிறார். மேசை ஒன்று, ஆள் இருவர் என்ற நிலையில் கூட்டம் சேர்ந்தால் சமாளிக்க முடியாது, பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிடுகிறேன். தோவாளை மலர்ச்சந்தையில் சம்பங்கி விற்கும் எவரிடம் விசாரித்தாலும் இடம் தெரிந்துவிடும்.

கிழங்கு வாங்குவதற்காக மட்டும் இந்தக் கடையைத் தேடிப் போகச் சொல்வேனா என்றால் தயங்குவேன். விலை மற்ற இடங்களைவிடக் கூடுதல், வகைகளும் குறைவு. ஆனால் சம்பங்கிப் பாத்தி வைத்திருப்பவர்களும், மாடியிலோ முற்றத்திலோ லில்லித் தொட்டிகளை வரிசையாக அடுக்கியிருப்பவர்களும், நோய் பார்க்கும் அந்த மேசைக்காக ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்பது என் கருத்து. மருந்துக் கடைகளில் ‘கிழங்கு அழுகுகிறது’ என்று சொன்ன மாத்திரத்தில் இரண்டு பொட்டலங்களை எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். இங்கே கிழங்கை அறுத்துப் பார்க்காமல் ஒன்றையும் விற்பதில்லை. அறுத்துப் பார்த்த பிறகும் பெரும்பாலும் விற்பதில்லை.

குமரி மாவட்டத்தின் மழைக்கணக்கு இந்த நோய்களுக்கு மிகவும் தோதானது. இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை போய் மண் சற்று உலர்ந்து வருவதற்குள், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. கிழங்குகளில் மென்னழுகலை உண்டாக்கும் பெக்டோபாக்டீரியம், டிக்கியா ஆகிய பாக்டீரியாக்கள், அதாவது முன்பு எர்வினியா என்ற ஒரே பெயரில் அறியப்பட்டவை, தேங்கிய ஈரமும் 25 முதல் 30 டிகிரி வெப்பமும் சேர்ந்த இடத்தில் வேகமாகப் பெருகுபவை. கிழங்கின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பெக்டினைக் கரைக்கும் நொதிகளை அவை சுரப்பதால், வெளித்தோல் முழுதாக இருக்கும்போதே உள்ளே சதை கூழாகிவிடுகிறது. இலை மஞ்சளாகிச் சாய்ந்த பிறகுதான் பலருக்கு விஷயம் தெரிய வருகிறது. அப்போது அந்தச் செடியைக் கையால் இழுத்தால் இலைக்கொத்து மட்டும் தனியே வந்துவிடும், கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும்.

இனி மேசையைப் பற்றி. பீங்கான் தட்டு, ஸ்பிரிட் பாட்டில், இரண்டு பேனாக்கத்திகள், சில கண்ணாடி டம்ளர்கள், கைலென்ஸ், ஒரு கூடை நிறைய உருளைக்கிழங்கு: அங்கே இருக்கும் சாதனங்கள் இவ்வளவுதான். கொண்டுபோன கிழங்கைத் தொடுவதற்கு முன், தண்ணீர் எங்கே தேங்குகிறது, தலைக்கு மேல் நீர் விடுகிறீர்களா வேரடியிலா, கடைசியாக எப்போது களை கொத்தினீர்கள், யூரியா போட்டீர்களா என்று கடைக்கார அண்ணாச்சி வரிசையாகக் கேட்கிறார். களைக்கொத்து பட்ட காயத்தின் வழியாகத்தான் மென்னழுகல் பாக்டீரியா பெரும்பாலும் உள்ளே நுழைகிறது என்பதாலும், தழைச்சத்து மிகுந்த செடியின் திசு இளகி நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கிறது என்பதாலும், இந்தக் கேள்விகளில் எதுவும் வீண் கேள்வியல்ல. பதில்களை அவருடைய மகள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

அடுத்து மோந்து பார்க்கிறார். கெட்டுப்போன மீனை நினைவூட்டும் வாடை வந்தால் பாக்டீரியா மென்னழுகல் என்ற சந்தேகம் வலுக்கிறது. மண் வாடையோ காளான் வாடையோ மட்டும் வந்தால் பூஞ்சையின் பக்கம் திரும்புகிறார். பிறகு கிழங்கை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் கொடுத்த சம்பங்கிக் கிழங்கு, வெளியே கெட்டியாகத் தோன்றியது. கத்தி இறங்கியதும், வேர் கிளம்பும் அடித்தட்டுக்கு மேலே மங்கிய பழுப்பு நிறத்தில் கஞ்சிபோன்ற ஒன்று தட்டில் வழிந்தது. நோயுற்ற பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் நடுவே நீர் ஊறியதுபோல் கண்ணாடித்தன்மையான ஒரு விளிம்பு தெரிந்தது. அந்த விளிம்பைத்தான் பார்க்கப் பழக வேண்டும் என்று அவர் எல்லோருக்கும் காட்டினார். முற்றிலும் கூழான இடத்தில் பிற்பாடு வந்து குடியேறிய வேறு கிருமிகளும் இருக்கும் என்பதால், நோயைத் தொடங்கிவைத்தது எது என்று அங்கே கண்டுபிடிக்க முடியாது.

அழுகல் என்று வருபவை எல்லாம் பாக்டீரியா அல்ல என்பதை இந்த மேசை பிரித்துச் சொல்வது அதன் முதல் சிறப்பு. சம்பங்கியின் கழுத்துப் பகுதியில் வெள்ளை நூலாம்படை படர்ந்து, அதில் கடுகுபோன்ற பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் அது ஸ்கிளிரோஷியம் பூஞ்சை. அதற்கான நடவடிக்கை வேறு. கிழங்கின் அடித்தட்டு நாற்றமின்றி, உலர்வாக, பழுப்பாக இற்றுப்போய், வெள்ளையோ இளஞ்சிவப்போ கலந்த பூசணம் தெரிந்தால் ஃபியூசேரியம். அமரில்லிஸ் வளர்ப்போர் பெரும்பாலும் ஓடிவருவது இலையிலும் பூத்தண்டிலும் தீக்காயம்போல் வரும் சிவப்புக் கீறல்களுக்காக. அதுவும் ஸ்டாகனோஸ்போரா என்ற பூஞ்சையின் வேலைதான். அந்தச் சிவப்பைப் பாக்டீரியா என்று எண்ணிக்கொண்டு, கடையில் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கைக் கலக்கித் தெளித்துவிட்டு வந்திருந்த நாகர்கோவில்காரர் ஒருவரிடம், “சார், காய்ச்சல் வேற, இது வேற” என்று மட்டும் சொல்லிவிட்டு, நோயுற்ற இலைகளை வெட்டி அப்புறப்படுத்தச் சொன்னார்.

சியாம் துலிப்பில் வரும் வாடலுக்கு டம்ளர் சோதனை. இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டு தொங்கினால், தண்டின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, சுத்தமான தண்ணீர் உள்ள டம்ளரில் வெட்டுவாய் நீரைத் தொடும்படி அசையாமல் தொங்கவிடுகிறார்கள். ரால்ஸ்டோனியா என்ற வாடல் பாக்டீரியா இருந்தால், சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழை ஒன்று கீழே இறங்கத் தொடங்கும். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்துக் காட்டியபோது அந்த இழை நன்றாகவே தெரிந்தது. இஞ்சி, தக்காளி, கத்தரி வாடலுக்கு வேளாண் துறையினர் வயலில் செய்து காட்டும் அதே சோதனைதான். மென்னழுகலுக்கு இது உதவாது. அழுகிய துண்டைப் போட்டால் நீர் முழுவதும் கலங்குமே தவிர இழை தெரியாது. இதையும் அண்ணாச்சி மறைக்காமல் சொல்கிறார்.

மென்னழுகலுக்கு அவர் நம்புவது உருளைக்கிழங்கை. நல்ல உருளைக்கிழங்கு ஒன்றைக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் தடிமனான வில்லைகளாக அறுக்கிறார். சந்தேகத்துக்குரிய கிழங்கின் அந்த நீர் ஊறிய விளிம்பிலிருந்து ஊசி முனையளவு எடுத்து ஒரு வில்லையில் குத்துகிறார். இன்னொரு வில்லையில் சுத்தமான ஊசியை மட்டும் குத்துகிறார். இரண்டையும் ஈரத்தாள் விரித்த தனித்தனி டப்பாக்களில் மூடி நிழலில் வைக்கிறார்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முதல் வில்லை குழைந்து, இரண்டாவது கெட்டியாகவே இருந்தால் பெக்டின் கரைக்கும் பாக்டீரியா இருப்பது உறுதி. முடிவைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு வந்த படத்தில் இரண்டு வில்லைகளும் அருகருகே, எது எது என்று எழுதி ஒட்டிய சீட்டுடன் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வில்லை ஒன்றையும் வைக்கும் இந்தக் கவனம், கட்டணம் வாங்கும் சில பெரிய இடங்களில்கூட நான் காணாதது.

கட்டணம் மாதிரி ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். அவர்களிடம் வாங்கிய கிழங்கானால் இலவசம். இந்தச் சோதனைகளால் எந்த இனப் பாக்டீரியா என்று பெயர் சொல்லிவிட முடியாது. பெக்டோபாக்டீரியமா டிக்கியாவா என்று பிரித்தறிய எலைசா, பி.சி.ஆர் போன்ற ஆய்வகச் சோதனை தேவை. வீட்டுத் தோட்டத்துக்கு அந்தப் பெயர் பெரிதாகப் பயன்படாது, செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றுதான். கிழங்கை மொத்தமாகப் பெருக்கி வெளியே விற்கும் விவசாயிக்கு மட்டும் அந்த வேறுபாடு தேவைப்படலாம். அவர்களைத் திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகும்படி இவரே அனுப்பிவைக்கிறார்.

அறிவுரைப் பகுதிதான் பலருக்குக் கசக்கிறது. பூதப்பாண்டிப் பெண், “அண்ணாச்சி, இதுக்கு என்ன மருந்து அடிக்கணும்?” என்று கேட்டதற்கு, “மருந்து கிடையாது மக்களே, குழி தோண்டிப் புதைச்சிரு, பக்கத்துல உள்ளதையும் கிளறிப் பாரு” என்பதுதான் பதில். இது சரியான பதில். கிழங்குக்குள் நுழைந்துவிட்ட மென்னழுகலைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. நோயுற்றதைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றுவது, அதை உரக்குழியில் போடாமல் தோட்டத்துக்கு வெளியே ஆழமாகப் புதைப்பது, ஒவ்வொரு செடிக்கும் இடையே கத்தியையும் களைக்கொத்தையும் ஸ்பிரிட்டால் துடைப்பது அல்லது ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் நனைப்பது, மேட்டுப்பாத்தி எடுத்து நீர் வடியவிடுவது, மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது ஆகியவையே வழி. பிளீச் இரும்பை அரிக்கும், பிறகு கழுவித் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும் என்பதை மகள் தனியாக நினைவூட்டினார்.

அலமாரியில் இருக்கும் பொருள்கள் மிகச் சில. காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிர மருந்து வைத்திருக்கிறார், லிட்டருக்கு 2.5 கிராம் என்ற அளவில், நோய் வந்த பாத்தியில் இன்னும் நலமாக உள்ள செடிகளின் இலையிலும் கழுத்திலும் படும்படி தெளிக்கச் சொல்கிறார். தாமிரம் மேற்பரப்பில் படிந்து காக்கும்; கிழங்குக்குள் ஊடுருவிச் சென்று எதையும் கொல்லாது. இதை வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்பது நேர்மை. சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவின் பொடியும் உண்டு. நடவுக்கு முன் லிட்டருக்கு 10 கிராம் கலந்து கிழங்கை நனைக்கச் சொல்கிறார்கள். அது உயிருள்ள பாக்டீரியா என்பதால் தாமிர மருந்தோடு கலக்கக் கூடாது, நாளாக ஆக வீரியம் குறையும். இந்த இடத்தில் எனக்கு ஒரு குறை: வெயில் படும் சன்னலோரத் தட்டில் அந்தப் பொட்டலங்களை அடுக்கியிருந்தார்கள், ஒன்றில் தயாரிப்புத் தேதி அழிந்துபோயிருந்தது. கேட்டதும் எடுத்து உள்ளே வைத்தார்கள் என்றாலும், இவ்வளவு கவனமாக நோய் பார்க்கும் இடத்தில் அது நடந்திருக்கக் கூடாது.

ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த அந்தப் பிரபலமான சிறு பொட்டலம் இங்கே கிடைக்காது. காசநோய்க்குப் பயன்படும் மருந்தைச் செடிக்குத் தெளிப்பதால் கிருமிகள் எதிர்ப்புத்திறன் பெறும் அபாயத்தைக் கருதி, 2024 தொடக்கத்திலிருந்து அந்தக் கலவையின் பயன்பாட்டை முற்றிலும் நிறுத்துவதற்கான வரைவு ஆணையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. அதற்கு முன்பிருந்தே தாம் அதை விற்பதில்லை என்று அண்ணாச்சி சொல்கிறார். பூச்செடிக்கு அது தேவையே இல்லை என்பதில் எனக்கும் உடன்பாடுதான்.

விற்பனைக்கு வைத்திருக்கும் கிழங்குகளின் தரத்துக்கு இடத்தின் காற்றும் ஒரு காரணம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்றை முப்பந்தல் காற்றாலைகள் மட்டும் பயன்படுத்துவதில்லை, இவர்களும் பயன்படுத்துகிறார்கள். தோண்டியெடுத்த சம்பங்கிக் கிழங்குகளை மண்ணை உதறி, கழுவாமல், கம்பிவலை அடித்த மரத்தட்டுகளில் ஒரே அடுக்காகப் பரப்பி, கூரை நிழலில் காற்றோட்டமாக வைத்துப் புரட்டிக்கொடுக்கிறார்கள். தோண்டும்போது பட்ட காயம் இப்படி ஆறிக் காய்ந்த பிறகுதான் கிழங்கு விற்பனைக்கு வருகிறது. சாக்கில் கட்டி லாரியில் வந்து, சாக்கோடு விற்கப்படும் ஈரக் கிழங்கோடு ஒப்பிட்டால் விலை ஏன் கூடுதல் என்பது புரியும். சம்பங்கியில் ஒற்றை இதழடுக்கு வகையான பிரஜ்வாலும் இன்னும் ஓரிரண்டும் மட்டுமே உண்டு. 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளைத் தனியே பிரித்து வைத்திருப்பதால் நட்ட பின் பாத்தி சீராக வருகிறது. கைலென்ஸை வாங்கிச் சில கிழங்குகளின் செதில்களை நீக்கிப் பார்த்தேன். காயத்தில் குடியேறி நோயைப் பரப்பும் முத்துவெள்ளைக் கிழங்குச் சிலந்திப்பேன்கள் தென்படவில்லை.

கிளாடியோலஸ் பகுதியை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். நம் கடலோரச் சமவெளிக்கு அது அவ்வளவாக ஒத்துவராத செடி என்பது ஒருபுறம் இருக்க, பெட்டியில் கிடந்த கிழங்குகள் சிலவற்றின் அடியில் குழிந்த வட்டப் புண்களும், அவற்றின்மேல் வார்னிஷ் பூசியதுபோன்ற பளபளப்பும் தெரிந்தன. பர்க்ஹோல்டேரியா கிளாடியோலி என்ற பாக்டீரியாவின் சொறிநோய்க்கு அதுவே அடையாளம். மகளிடம் காட்டியபோது அது காய்ந்த மண் என்று முதலில் சொல்லி, துடைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை ஒதுக்கிவைத்தார். சம்பங்கியிலும் லில்லியிலும் தேர்ந்த கண், வெளியூரிலிருந்து வரவழைக்கும் கிழங்குகளில் அவ்வளவு தேர்ச்சி பெறவில்லை என்று தோன்றுகிறது. இணையத்தில் வாங்கிய ஹையசின்த் கிழங்குகளை இங்கே கொண்டுபோய்க் காட்டினாலும் பெரிதாகப் பதில் கிடைக்காது. அவர்களே அதை ஒப்புக்கொள்கிறார்கள். தாவரங்களைப் பாக்டீரியா தாக்கும் என்பதை உலகம் அறிந்துகொண்ட முதல் சில நோய்களுள் ஒன்று, நெதர்லாந்தில் யான் ஹென்ட்ரிக் வாக்கர் 1880-களில் ஆராய்ந்த ஹையசின்த் மஞ்சள் நோய்தான். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் செதில்களில் மஞ்சள் புள்ளிகளாகச் சளிபோன்ற திரவம் கசிவது அதன் அடையாளம். வெளிநாட்டுக் கிழங்கு வாங்குவோர், 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதிக்குத் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம் என்பதை நினைவில் வைத்து, விற்பவரிடம் அதைக் கேட்பது நல்லது.

இன்னொரு குறை, எழுத்து வடிவில் எதுவும் தராதது. நோட்டில் எழுதிக்கொள்ளும் விவரங்களில் ஒரு சிறு சீட்டாவது எழுதிக் கொடுத்தால், அடுத்த மழைக்கு எந்தப் பாத்தியில் எது வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சம்பங்கி நடுவதைத் தவிர்க்கவும் உதவும். சொன்னேன், பார்க்கலாம் என்றார்கள். வாகனம் நிறுத்த இடமில்லை, பேருந்தில் போவோர் சிறிது நடக்க வேண்டும். நடுத்தர அளவில் சம்பங்கி பயிரிடுவோருக்கும் தொட்டியில் லில்லி வளர்ப்போருக்கும் ஐந்தில் நான்கு மதிப்பெண் தரலாம்; கிளாடியோலஸ், ஹையசின்த் பிரியர்களுக்கு இரண்டுக்கு மேல் தர மாட்டேன்.

போகிறவர்கள் கவனிக்க: தோவாளைச் சந்தையின் காலைப் பரபரப்பு ஓய்ந்த பிறகே மேசைக்கு ஆள் வருவார், ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லை. மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போனால் வழியிலேயே புழுங்கி எல்லாம் கூழாகிவிடும் என்பதால் வாங்க மாட்டார்கள். செய்தித்தாளில் சுற்றி, அன்றைக்குத் தோண்டியதாக, பாதி கெட்டு மீதி நலமாக உள்ள கிழங்கு ஒன்றையும், அதே பாத்தியிலிருந்து நல்ல கிழங்கு ஒன்றையும் தனித்தனியாக எடுத்துச் செல்லுங்கள்.